தலை மட்டும் திரும்பி வந்தது

கனடா நாட்டின் டொரன்டோ மாநகரில் புளூர் வீதி என்று ஒரு நெடிய கடைவீதி உண்டு. அவ்வீதியின் மேற்குப் பகுதியில், வழிப்போக்கர் பலரும் ஏறிட்டுப் பாராமலே கடந்துசெல்லத்தக்க எளிமையுடன், ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கின்றது. உக்ரேன் நாட்டின் பெருங்கவிஞர் தாரஸ் ஷெவ்சென்கோவின் பெயரால் அமைந்தது அது. கவிஞரின் ஓவியப் படிகளும், அவருடைய நூலின் பல்வேறு பதிப்புகளும், உக்ரேன் பெண்டிர் பின்னிய பூவேலைத் துணிகளும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கென மெழுகெழுதிச் சாயமிட்ட முட்டைகளும், மரச்செதுக்கு வேலைகளும், கனடாவில் முதன்முதல் குடியேறிய ஏழை உழவர்களின் நினைவுப் பொருள்களும் அங்கே உள்ளன. அவற்றினிடையே வெண்கலத்தால் ஆன ஒரு மனிதத் தலையும் உள்ளது. ஆளுயரத்தைவிடப் பெரியதாக ஒரு காலத்தில் நின்ற சிலையில் எஞ்சியது அத்தலை ஒன்றே.

அந்தத் தலை அங்கு வந்த வரலாறு பல கசப்புகளைக் கடந்து வந்த வரலாறு. அதில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்குண்டு. ஆகவேதான் இம்மாதம் இப்பகுதியில் அதைக் குறித்து எழுதத் துணிந்தோம். எங்கோ இருக்கும் உக்ரேன் கவிஞர் நமக்கு என்ன உறவு என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். 1983க்குப் பின் கடல் கடந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இன்று வாழும் நகரம் அதே டொரன்டோதான். நம் வாசகர் சிலருடைய பேரப்பிள்ளைகளும் அந்நகரத்துப் பள்ளிகளில் படிக்கின்றார்கள். உறவு அவ்வளவே, ஆயினும் அது சிறிதன்று.

முதலில் அக்கவிஞர் யாரென்று பார்ப்போம். ஷெவ்சென்கோ 1814ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், அப்போது ரஷியப் பேரரசின் ஆட்சியில் இருந்த உக்ரேனில், மோரின்ட்சி என்னும் சிற்றூரில் பண்ணையடிமைகளின் மகனாகப் பிறந்தார். பண்ணையடிமை என்றால் நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் படுகிறவன் என்று பொருள். தாய் 1823இலும், தந்தை 1825இலும் இறந்துபோயினர். பதினோரு வயதில் அனாதையான சிறுவன், பின்னர் எங்கல்கார்ட் என்ற பண்ணையாரின் வீட்டில் ஏவல் பையனாக நின்றான். எசமானோடு வில்னா நகருக்கும், அங்கிருந்து தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கும் போனான். பையனுக்குப் படம் வரையும் கை இருப்பதைக் கண்ட எசமான், வீட்டுக்கு ஓர் ஓவியன் கிடைப்பானே என்று ஓவியத் தொழிலாளர் ஒருவரிடம் அவனைப் பயிற்சிக்கு விட்டார்.

தலைநகரத்துக் கலைஞர் சிலர் அவ்விளைஞனின் திறமையைக் கண்டு வியந்தனர். அவனை விடுவிக்க எசமான் கேட்ட விலை 2,500 ரூபிள். பெரும் ஓவியரான கார்ல் புரூலோவ், கவிஞர் சுக்கோவ்ஸ்கியின் உருவத்தை வரைந்து கொடுத்தார். அப்படத்தைக் குலுக்கல் முறையில் விற்று அத்தொகையைத் திரட்டினர். 1838ஆம் ஆண்டு, தம் இருபத்துநான்காம் வயதில், ஷெவ்சென்கோ சுதந்திர மனிதர் ஆனார். ஒரு மனிதரின் உருவப்படத்தை விற்று மற்றொரு மனிதரை வாங்கிய காலம் அது!

இரண்டே ஆண்டுகளில், 1840இல், 'கொப்ஸார்' என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. எட்டுக் கவிதைகள் கொண்ட மெல்லிய நூல். கொப்ஸார் என்பது 'கொப்ஸா' என்னும் நரம்புக் கருவியை மீட்டியவாறு ஊர் ஊராய்ப் பாடித் திரிந்த பாணனைக் குறிக்கும். இப்பாணருள் பலர் பார்வையற்றோர். நம் பழைய பாணர் மரபை அறிந்தவர்களுக்கு இது விளங்கக் கடினமில்லை. படித்தோர் ரஷிய மொழியில் எழுதுவதே பெருமை என்றிருந்த நாளில், உழவர் பேசும் உக்ரேன் மொழியில் உயர்ந்த இலக்கியம் படைக்கலாம் என்று காட்டிய நூல் அது. அன்றிலிருந்து கொப்ஸார் என்ற பெயர் நூலுக்கும் கவிஞருக்கும் பொதுவாகிவிட்டது.

பண்ணையடிமை முறையையும் பேரரசரையும் சாடி அவர் எழுதிய கவிதைகள் கையெழுத்துப் படிகளாய்ப் பரவின. 1847இல் அவர் கைது செய்யப்பட்டார். சாதாரணப் போர்வீரனாக ஒரென்பர்க் எல்லைக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது தண்டனை. அத்தீர்ப்பின்மேல் பேரரசர் முதலாம் நிக்கோலாஸ் தம் கையாலேயே ஒரு குறிப்பை எழுதிச் சேர்த்தார்: கடுமையான கண்காணிப்பில் வைக்கவேண்டும், எழுதவும் கூடாது, படம் வரையவும் கூடாது. கவிஞரும் ஓவியருமான ஒருவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறென்ன இருக்க முடியும்? ஆயினும் அவர் எழுதினார். உள்ளங்கையளவு தாள்களைத் தைத்துச் சிறு ஏடுகளாக்கி, அவற்றில் நுண்ணிய எழுத்தில் கவிதைகளை எழுதி, காலணியின் தண்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார். அவ்வேடுகள் இன்றும் உள்ளன.

பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. அவற்றுள் கடைசி ஏழாண்டுகளை அவர் காஸ்பியன் கடலோரத்துக் கோட்டை ஒன்றில் கழித்தார். இன்றைய கசகஸ்தான் நாட்டில் உள்ள அவ்வூருக்கு இப்போது ஷெவ்சென்கோ கோட்டை என்றே பெயர். அங்கிருந்தபோது 1856, 1857 ஆண்டுகளில் அவர் வரைந்த ஒரு படவரிசை, நற்செய்தியை ஓதும் நமக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. ஊதாரி மகன் உவமையை அவர் தம் காலத்து ரஷியாவில் நடப்பதாக வரைந்தார். சீட்டாட்டத்தில் தோற்கும் மகன், மதுக்கடையில் மகன், கள்வரிடையே மகன், பிரம்புகளோடு இருபுறமும் வரிசையாய் நிற்கும் வீரர்களின் நடுவே அடிபட நிற்கும் மகன், சிறையில் விலங்கோடு மகன். எட்டுப் படங்களே உள்ளன. தூரத்தில் வரும்போதே கண்டு ஓடிச்சென்று கட்டித் தழுவும் தந்தை எந்தப் படத்திலும் இல்லை. வரிசை அதற்குமுன்னே நின்றுவிடுகிறது. மறையுரைகளில் நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் பன்றிக்கொட்டிலும் பசியும்தான் அவருக்குத் தெரிந்திருந்தன போலும்.

1857இல் விடுதலை பெற்றுத் திரும்பியவர் நெடுநாள் வாழவில்லை. 1861 மார்ச் 10ஆம் நாள், நாற்பத்தேழாம் பிறந்தநாளுக்கு மறுநாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இறந்தார். பண்ணையடிமை முறை ஒழிந்தது என்ற அரசாணை அடுத்த வாரத்தில் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. 1845ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில், நோயுற்றுக் கிடந்தபோது, தம்மை உக்ரேன் மண்ணில் அடக்கம் செய்யும்படி கேட்டு ஒரு கவிதை எழுதியிருந்தார். நண்பர்கள் அதை மறவாமல், இரண்டு மாதங்களுக்குப் பின் உடலைத் தோண்டியெடுத்து, தினீப்பர் ஆற்றங்கரையில் கானிவ் நகரருகே ஒரு குன்றின்மேல் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

இனிக் குடியேற்றத்துக்கு வருவோம். 1891ஆம் ஆண்டு செப்டம்பரில் இவான் பிலிப்பிவ், வசில் எலினியாக் என்ற இரண்டு உழவர்கள் கனடாவில் வந்திறங்கினர். உக்ரேன் மக்களின் கனடாக் குடியேற்றம் அவர்களோடுதான் தொடங்குகிறது என்பர். அவர்கள் வந்தது கவிஞர் பிறந்த ரஷியப் பகுதியிலிருந்து அன்று. ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்த கலீசியாவிலிருந்து. அங்கே நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகி, ஒரு குடும்பத்துக்குக் கஞ்சிக்கும் போதாத அளவு சுருங்கிப்போயிருந்தது. கனடா அரசோ பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் தருவதாக விளம்பரம் செய்தது. முதல் உலகப் போர் மூளும் முன்னர் ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர் அங்குக் குடியேறிவிட்டனர்.

நிலம் கிடைத்தது, ஆனால் அது காடும் சதுப்புமான நிலம். முதல் குளிர்காலத்தைப் பலர் தரையைத் தோண்டி, மேலே மரக்கிளைகளும் புல்முளைத்த மண்கட்டிகளும் பரப்பிய குழிவீட்டில் கழித்தார்கள். பிறகுதான் சுண்ணாம்பு பூசிய மண்சுவரும் கூரையும் கொண்ட வீடுகள் எழுந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டிக்குள் விதைகள், தையல் வேலைப்பாடுள்ள துணிகள், திருவுருவப் படம், செப நூல் இவற்றோடு கொப்ஸார் நூலும் பல வீடுகளில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்திருந்த அச்சமூகத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு மனப்பாடம் செய்தார்கள்.

ரஷியப் பகுதியில் பிறந்த ஆர்த்தடாக்ஸ் கவிஞர் ஒருவரை ஆஸ்திரியப் பகுதிக் கத்தோலிக்க உழவர்கள் எவ்வாறு தம்மவராகக் கொண்டனர்? ரஷியப் பேரரசில் 1863இலும் 1876இலும் பிறந்த ஆணைகள் உக்ரேன் மொழியில் நூல் அச்சிடுவதையே பெரும்பாலும் தடைசெய்துவிட்டன. தணிக்கையால் சிதையாத கொப்ஸார் பதிப்பு 1876இல் பிராகா நகரில்தான் வெளிவர முடிந்தது. ஆகவே சொந்த மண்ணில் வாய் அடைக்கப்பட்ட கவிஞர், எல்லைக்கு இப்பாலிருந்த கலீசியாவின் வாசகசாலைகளில் வாழ்ந்தார். அந்த வாசகசாலைகளைத்தான் குடியேறியவர்கள் கனடாவின் சமவெளிகளிலும் எழுப்பினார்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம், கவிஞர் பிறந்த நாளும் இறந்த நாளும் அடுத்தடுத்து வருகிற வாரத்தில், பூவேலைத் துணி சார்த்திய அவருடைய படத்தின்முன் பிள்ளைகள் கவிதை ஒப்புவித்தார்கள், பாடற்குழு பாடியது. மானிட்டோபா மாநிலத்தின் வீட்டா என்ற சிற்றூரில் பள்ளிக்கூடமே ஷெவ்சென்கோவின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நம் திருச்சபையின் பங்கு என்று தொடக்கத்தில் சொன்னோம். அதில் பெருமைக்குரியதும் உண்டு, வருந்தத்தக்கதும் உண்டு. அவ்வுழவர்கள் கிரேக்கக் கத்தோலிக்கர். அதாவது திருத்தந்தையோடு ஒன்றிப்பில் இருந்துகொண்டே கீழைத் திருவழிபாட்டு முறையைப் பின்பற்றுகிறவர்கள். நம் அண்டையிலுள்ள சீரோ மலபார், சீரோ மலங்கரை மக்களை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய ஊரில் குருக்களில் பெரும்பாலோர் மணமானவர்கள். அதுவே அவர்களது தொன்மையான ஒழுங்கு. வட அமெரிக்காவிலோ மணமான குருக்கள் பணியாற்றலாகாது என்று 1890களில் ரோமையிலிருந்து ஆணை வந்திருந்தது. விளைவு என்ன? பல்லாயிரம் மக்கள் காட்டுக்குள் குருவின்றி விடப்பட்டனர். பிள்ளைகளைத் தாமே புதைத்தனர். இலத்தீன் கோவிலுக்குச் செல்லுங்கள் என்றால், பாடலும் மொழியும் சிலுவை அடையாளம் இடும் முறையும்கூட வேறாக இருந்தன. பலர் மனம் சலித்து நம்மை விட்டு நீங்கினர். 1918இல் சாஸ்கட்டூன் நகரில் உக்ரேன் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை தனியாக எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்களுக்காகத் தம் வழிபாட்டு முறையையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பெல்ஜியம் நாட்டு இரட்சகர் சபைக் குருவான அக்கில் தெலேர் 1899இல் கனடா வந்து, அம்மக்களின் மொழியைக் கற்று, 1906இல் கீழை முறைக்கே மாறினார். 1902இல் பசிலியார் சபைக் குருக்களும் அமல மரியின் ஊழியர் சபைச் சகோதரிகளும் கலீசியாவிலிருந்து வந்தனர். 1912இல் நிக்கித்தா புட்கா அவர்களின் முதல் ஆயராக நியமிக்கப்பட்டார். மணமான குருக்களுக்கு இருந்த அத்தடையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் நீக்கினார். நூற்றிருபது ஆண்டு கழிந்தபின்! தாமதமாகத் திறந்த கதவானாலும் திறந்ததற்காக நன்றி சொல்லுவோம்.

ஆயர் புட்காவின் தொடக்கம் எளிதாய் அமையவில்லை. 1914 ஜூலையில், ஆஸ்திரியப் படைக்குரியவர்கள் தாய்நாடு திரும்ப வேண்டும் என்று ஒரு சுற்றுமடல் எழுதினார். ஒரு வாரத்தில் பிரிட்டன் ஆஸ்திரியாவின் எதிரணியில் போரில் இறங்கிற்று. கனடாவும் அதோடு இறங்கிற்று. ஆயர் உடனே மடலைத் திரும்பப் பெற்று, கனடாவுக்கு விசுவாசமாயிருங்கள் என்று வேறொரு மடல் எழுதினார். ஆனால் ஐயம் விதைக்கப்பட்டுவிட்டது. ஆஸ்திரியக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒரே காரணத்தால் உக்ரேனியர் 'எதிரி நாட்டார்' ஆக்கப்பட்டனர். ஏறக்குறைய 80,000 பேர் காவல் நிலையங்களில் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 1914 முதல் 1920 வரை முகாம்களில் அடைக்கப்பட்ட 8,579 பேரில் 5,000க்கும் மேற்பட்டோர் உக்ரேனியர் என்று கணக்கிடுகின்றனர். கனடாவின் புகழ்பெற்ற மலைப் பூங்காக்களில் இன்று சுற்றுலாப் பயணியர் செல்லும் சாலைகளில் சில, அவர்கள் கையால் வெட்டப்பட்டவை. இந்த அநீதியை நினைவுகூர 2008இல் கனடா அரசு ஒரு கோடி டாலர் நிதி ஒன்றை ஏற்படுத்திற்று. மானிட்டோபாவில் அவர்கள் மொழியும் கற்பித்த இருமொழிப் பள்ளிகளும் 1916இல் சட்டத்தால் நிறுத்தப்பட்டன.

இத்தகைய அவமதிப்புக்குப் பின் சமூகம் இரண்டு முகாம்களாய்ப் பிரிந்தது. கோவிலைச் சார்ந்தோர் ஒருபுறம். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்துக் களைத்து, ரஷியப் புரட்சியில் ஏழைக்கு விடிவு கண்டதாக நம்பியோர் மறுபுறம். பின்னவர் தங்களுக்கென உழைப்பாளர் மன்றங்களைக் கட்டினார்கள். இரு சாராருடைய மன்றங்களிலும், துணி சார்த்திய சட்டத்துக்குள் தொங்கியது அதே ஷெவ்சென்கோவின் படம்! 1940இல் உழைப்பாளர் சங்கத்தை அரசு தடைசெய்து, நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்களைப் பறிமுதல் செய்தது. அவற்றுள் சில எதிர் முகாமினருக்கே விற்கப்பட்டன. இந்தப் புண் ஆற நெடுங்காலம் ஆயிற்று.

டொரன்டோவின் அருங்காட்சியகம் இந்த உழைப்பாளர் பக்கத்திலிருந்து பிறந்தது. குடியேற்றத்தின் அறுபதாம் ஆண்டான 1951இல், ஒன்டாரியோ மாநிலத்தில் ஓக்வில் நகரருகே பலேர்மோ என்ற இடத்தில், ஷெவ்சென்கோவுக்கு ஒரு வெண்கலச் சிலை நாட்டப்பட்டது. சிலையை அன்பளிப்பாக அனுப்பியது சோவியத் உக்ரேன். அடுத்த ஆண்டே சிலையருகில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் அங்கே, தாயகத்தில், நடந்தது என்ன? 1946இல் லிவிவ் நகரில் கூட்டப்பட்ட ஒரு போலிச் சங்கத்தின் வழியாக உக்ரேன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயர்கள் அதற்கு முன்னரே சிறைப்படுத்தப்பட்டிருந்தனர். கனடாவிலிருந்து தாயகம் திரும்பியிருந்த புட்காவும் 1945இல் பிடிபட்டு, 1949இல் கசகஸ்தானின் கரகண்டா முகாமில் உயிர்நீத்தார். கவிஞரைப் பேரரசன் அனுப்பிய அதே வறண்ட வெளிக்கு ஆயரைப் பொதுவுடைமை அரசு அனுப்பிற்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2001இல் லிவிவ் நகரில் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். ஆயரைக் கொன்ற அரசே, அவர் இறந்த இரண்டாம் ஆண்டில், கவிஞருக்குச் சிலை வார்த்து அவருடைய பழைய மறைமாவட்ட எல்லைக்குள் அனுப்பி வைத்தது. கனடாவின் கத்தோலிக்க உக்ரேனியர் அச்சிலையை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? அவர்கள் 1961 ஜூலையில் வின்னிபெக் நகரின் சட்டமன்ற வளாகத்தில் வேறொரு ஷெவ்சென்கோ சிலையைப் பிற உக்ரேனியரோடு சேர்ந்து நிறுவினர்; பிரதமர் டீஃபன்பேக்கர் அதைத் திறந்து வைத்தார். ஒரு கவிஞர், இரு சிலைகள், ஒன்றையொன்று பாராத இரு கூட்டங்கள்.

அப்படியானால் பலேர்மோவில் தோன்றிய அருங்காட்சியகத்தைக் கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்று ஏன் போற்ற வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கவிஞரையேகூட முழுமையாக நம்மவர் என்று கொண்டாட முடியாது. 1841இல் வந்த 'ஹைதமாக்கி' என்ற நெடுங்கவிதையில், 1768இன் எழுச்சித் தலைவன் ஒருவன், கத்தோலிக்கராய் வளர்க்கப்பட்டார்கள் என்பதற்காகத் தன் புதல்வரையே கொல்கிறான். உண்மை வரலாற்றில் அப்படி நடக்கவில்லை, கவிஞரின் கற்பனை. அன்னை மரியாவைக் குறித்து அவர் 1859இல் எழுதிய கவிதையும் நம் மறைக்கல்விக்கு ஒத்துவராதது. இவற்றை மறைத்து அவரைப் புனிதராக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் அதே கவிஞர் 1845இல் தாவீதின் திருப்பாடல்களுள் பத்தைத் தம் மக்களின் மொழியில் பாடினார். 1847இல் போலந்து மக்களை நோக்கி எழுதிய கவிதையில், குருக்களும் பிரபுக்களும் நம்மைப் பிரித்தனர் என்று குற்றம் சாட்டிவிட்டு, சமாதானத்துக்காகக் கையை நீட்டுகிறார். குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

அந்த அருங்காட்சியகத்தைக் கட்டிய சுரங்கத் தொழிலாளியைப் பற்றியும் இதையே சொல்வோம். மாஸ்கோவைப் பற்றி அவன் நம்பியது பொய்யாய்ப் போயிற்று. கொப்ஸார் நூலின்மேல் அவன் வைத்த அன்பு பொய்யன்று. தன் அற்பக் கூலியிலிருந்து காசு சேர்த்து, கவிஞருக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று நினைத்தவனிடம் நாம் பகை பாராட்டுவதற்கில்லை. எதிர்த் தரப்பினர் சுவரில் மாட்டிய படமும் தம் வீட்டில் உள்ள அதே படந்தான் என்பதை இரு சாராரும் சற்று முன்னதாகவே நின்று கவனித்திருக்கலாம்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1988இல் பலேர்மோ அருங்காட்சியகம் தீக்கிரையானது. சோவியத் ஒன்றியமும் 1991இல் மறைந்து, உக்ரேன் தனி நாடாயிற்று. எரிந்துபோன அருங்காட்சியகத்தை அதன் அன்பர்கள் விட்டுவிடவில்லை. 1995இல் டொரன்டோ நகருக்குள் மீண்டும் திறந்தார்கள். ஆனால் சிலை மட்டும் பலேர்மோவிலேயே தனித்து நின்றது. 2006 டிசம்பரில் அதைத் திருடர்கள் பெயர்த்துச் சென்றனர். அரசியல் காரணம் எதுவும் இல்லை. செம்பின் விலை ஏறியிருந்தது, அவ்வளவே. நம்மூரில் காயலான் கடை என்கிறோமே, அத்தகைய பழைய உலோக வணிகத்துக்குப் போய்ச் சிலை துண்டுதுண்டாயிற்று. தலை மட்டும் கண்டுபிடிக்கப்பட்டு, அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது. இரு பேரரசுகளின் பகையைத் தாங்கிய உருவம் சில ஆயிரம் டாலருக்காக உருக்கப்பட்டது.

2022இல் ரஷியப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தபின் கீவ் நகருக்கு வடமேற்கே போரோதியன்கா என்ற ஊரில் இருந்த ஷெவ்சென்கோவின் மார்பளவுச் சிலையின் தலையைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்திருந்த படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. கார்க்கிவ் நகரத்து மக்கள் தங்கள் ஷெவ்சென்கோ சிலையை உச்சிவரை மணல்மூட்டைகளால் மூடிக் காத்தார்கள். அவ்வாண்டு முதல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரேனியர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், கனடாவில் வந்திறங்கியிருக்கின்றனர். பழைய குடிகளின் பேரப்பிள்ளைகள் அவர்களை வரவேற்றார்கள்; ஆனால் பலருக்கு வந்தவர்களோடு பேச மொழி இல்லை. 2021 கணக்கெடுப்பில் தம்மை உக்ரேன் வழியினர் என்று கூறிய கனடியர் 12 இலட்சத்துக்கும் மேல். அம்மொழியை வீட்டில் பேசுவோர் அவர்களுள் சிறு பகுதியே. வரேனிக்கி என்னும் மாக்கொழுக்கட்டை சமைக்கத் தெரியும், முட்டைக்குச் சாயமிடத் தெரியும், நடனமும் தெரியும். பாட்டியின் கொப்ஸார் நூலைத் திறந்தால் எழுத்து தெரியாது. இப்படித்தான் அருங்காட்சியகங்கள் தேவைப்படுகின்றன. அல்பர்ட்டா மாநிலத்தில் 1974 முதல் அரசுப் பள்ளிகளில் உக்ரேன் மொழி வழியாகவும் கற்பிக்கும் திட்டம் நடந்துவருவது ஓர் ஆறுதல்.

கவிஞர் இதை முன்னரே உணர்ந்திருந்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது. அவருடைய கடைசி நூல் கவிதை நூல் அன்று. எழுத்தறியா உழவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஞாயிறு பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதற்கான ஓர் அரிச்சுவடி. எழுத்துகள், எண்கள், சில திருப்பாடல் பகுதிகள், மன்றாட்டுகள், பழமொழிகள். 10,000 பிரதிகள் தம் செலவில் அச்சிட்டார். விலை மூன்று கொப்பெக். 1861 சனவரியில் அது வெளிவந்தபோது அவர் உடல் வீங்கி, படியிறங்கவும் முடியாத நிலையில் இருந்தார். அந்நிலையிலும் பிரதிகளைக் கட்டுக்கட்டாய்க் கீவ் நகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.